கத்தரிப்பூ வால்

கத்தரிப்பூ நிற வாலோடு ஒன்பது ஆண் குட்டிகள் தன் தொட்டியில் ஓடுவதைப் பார்த்த அன்று சின்னவள் சந்தோஷப்பட்டாள். முழுசாக ஒரு காலைப்பொழுது சந்தோஷப்பட்டாள். மத்தியானம் மூத்தவர் வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

சின்னவள் என்பது அந்தக் குடும்பத்துக்கு இளைய மருமகளாக வந்தபோது விழுந்த பெயர். பதினோரு வருஷம் ஆகிவிட்டது, தலையில் இரண்டு மூன்று நரைகூட எட்டிப் பார்க்கிறது, பெயர் மட்டும் வளரவில்லை. மூத்தவர் அவள் புருஷனின் அண்ணன். அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் இடுப்பளவு சுவர். இரண்டு வீட்டிலும் தொழில் ஒன்றே, கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற கப்பி மீன். கொல்லை முழுக்கச் சிமெண்டுத் தொட்டிகள், வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டிகள். இரண்டு வீட்டுத் தண்ணீரும் போய்ச் சேருவது சுவரை ஒட்டி ஓடுகிற ஒரே கால்வாயில்.

வெயில் தொட்டிக்குள் இறங்கிய பிறகுதான் பிரிக்கிற வேலை. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைப் பீங்கான் பேசினில் ஆறு வாரக் குட்டிகளை அள்ளி விட்டு, ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்க வேண்டும். ஆணுக்கு வாலில் நிறம் ஏறியிருக்கும். பெண் சாம்பல் பூத்த மாதிரி ஒன்றுமில்லாமல் இருக்கும். வியாபாரமே ஆணின் வாலில்தான் நடக்கிறது. ஆணை எண்ணிப் போடுவார்கள், பெண்ணை அள்ளிப் போடுவார்கள். கால்வாயில் தப்பி வந்து துடிக்கிற மீனை எடுத்துத் தொட்டியில் விடுவதெல்லாம் சின்னவளுக்கு, கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கி முறத்தில் போடுகிற மாதிரி. கை தானாகச் செய்யும், மனசில் நிற்காது.

அவர்கள் வீட்டில் இருப்பது செவ்வால் வகை. அண்ணன் வீட்டிலும் அதேதான். செவ்வாலுக்குச் செவ்வால்தான் பிறக்கும். இந்த ஒன்பதுக்கோ உடம்பு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது, வால் மட்டும் திருத்தமான கத்தரிப்பூ நிறம்.

அன்று மீன் வாங்க வந்த வியாபாரி குனிந்தவர் நிமிரவில்லை. எந்த மீனையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர்.

"என்னம்மா இது, சாயம் கீயம் போட்டீங்களா?"

"அய்ய, எங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"கோவிச்சுக்காத. ஊசி போட்டுக் கலர் ஏத்துறான், தீனியில மருந்து கலந்து ஏத்துறான். மூணு வாரத்துல வெளுத்துப்போகுது, வாங்கினவன் என் சட்டையைப் பிடிக்கிறான்." இன்னொரு தடவை குனிந்தார். "இல்ல, இது உள்ளேயிருந்து வந்த கலர். எங்கேயோ பார்த்திருக்கேனே... உங்க மூத்தவர் வீட்டுல இப்படி ஒண்ணு இருந்துச்சில்ல? துணி போட்டு மூடி மூடி வச்சிருந்தாரே."

"எனக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரியாதா?" என்று அவர் இழுத்த இழுப்பு சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் அங்கிருந்து நேராக அடுத்த வீட்டுக்குப் போனதும் பிடிக்கவில்லை.

மத்தியானம் மூத்தவர் வந்தார். எப்போதும்போலச் சுவரைத் தாண்டித்தான் வந்தார்.

"டேய், வெளிய வாடா."

சின்னவளின் புருஷன் தீனி டப்பாவும் கையுமாக வந்தான். "வாங்கண்ணே. சாப்டீங்களா?"

"சாப்பாடு இருக்கட்டும். அந்தத் தொட்டியைக் காட்டு."

பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததைச் சின்னவள் கவனித்தாள். கோபத்தை விட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"என் தொட்டியில தானா வந்த மீன்டா அது. ஆயிரம் செவ்வாலுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லாம, தனியா வச்சு, கண்ணு பட்டுடும்னு மூடி வச்சேன். ஒருநாள் தொட்டியைப் பார்த்தா ஆளைக் காணோம். மூணு மாசமா பூனையைத் திட்டிக்கிட்டிருந்தேன். அப்பன் போயிட்டான், பிள்ளைங்க இங்க ஓடிக்கிட்டிருக்கு."

"அண்ணே..."

"இந்த நிறம் அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றதுடா. ஆண் குட்டி அப்பனை உரிச்சு வச்ச மாதிரிதான் வரும். இதை உனக்கு நான் சொல்லணுமா? சரி, விடு. எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் வாயால சொல்லு. நான் திரும்பிப் பார்க்காம போயிடறேன்."

சின்னவள் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று பார்த்தாள். அவன் தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான்.

"ஒன்பதையும் எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

"நான் மீனா கேட்டேன்? வார்த்தை கேட்டேன்."

அவன் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினான்.

"கண்காட்சிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. மீன் வளர்க்கிறவன் அத்தனை பேரும் அங்க வருவான். அதுக்குள்ள நீயா வந்து ஒத்துக்கோ. இல்லன்னா அத்தனை பேர் முன்னாலயும் நான் சொல்லுவேன். தம்பின்னு பார்க்க மாட்டேன்."

போகும்போது வாசல் வழியாகப் போனார். அந்நியர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற மாதிரி.

"ஏங்க, ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க?"

"பேசி என்ன ஆகப்போகுது?"

"எடுக்கலன்னு சொன்னா முடிஞ்சுது. அவர்தான் போயிடறேன்னாரே."

"சோத்தைப் போடு."

அந்தத் தெருவில் மீன் தொட்டிக்குப் பூட்டு கிடையாது. ஒரு வீட்டில் நோய் வந்து மொத்தமும் செத்தால் இன்னொரு வீட்டிலிருந்து ஜோடி கொடுத்து எழுப்பிவிடுவார்கள். திருடன் என்று பெயர் வந்துவிட்டால் ஒரு பயல் ஒரு குட்டி தரமாட்டான். ஆனால் சின்னவளைக் குடைந்தது அதுவல்ல. கடைக்காரர் மறதியாக ஒரு தீப்பெட்டி கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று வெயிலில் நடந்து போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன் அவள் புருஷன். பதினோரு வருஷம் அந்த மனிதனோடுதான் குடித்தனம் நடத்தினோம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவன் வீட்டிலேயே கை வைத்தவன் என்றால், இத்தனை நாள் கூட இருந்தது யார்? அப்படி என்றால் இருக்கமாட்டேன், தெரிந்த மறுநாளே போய்விடுவேன் என்று முடிவு கட்டினாள். நான்கு துணியை ஒரு பையில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்கு முன்னால் உறுதியாகத் தெரிய வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் வேவு பார்க்கிற வேலை ஆரம்பமானது. துவைக்கப் போடுகிற சட்டையின் பையைத் துழாவினாள். அவன் மொட்டை மாடிக்கு ஏறினால் எத்தனை நிமிஷம் என்று பார்த்தாள். கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வாளியைச் சாக்கால் மூடி வைத்திருந்தான். அகப்பட்டுக்கொண்டான், ஆண் மீன் இதில்தான் இருக்கிறது என்று சாக்கைத் தூக்கினால், உள்ளே கொத்துக் கொத்தாகத் தீனிப் புழு நெளிந்தது. மூடிவிட்டுக் கையைக் கழுவினாள். சந்தேகத்தைக் கழுவ முடியவில்லை.

அவன் நடத்தையும் சரியில்லை. வழக்கத்தில் இல்லாத அன்பு. கேட்காமலே பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தான். அவள் தூக்க வேண்டிய வாளியைப் பிடுங்கிக்கொண்டான். "நீ உட்காரு, பேசின் வேலையை நான் பார்க்கறேன்" என்றான். தப்பு செய்தவன் இப்படித்தான் குழைவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒருநாள் விடிந்தும் விடியாமல் அவன் சுவரின் மேல் வயிற்றைக் கொடுத்துத் தொங்கிக்கொண்டு, அண்ணன் வீட்டுத் தொட்டி அறையின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டி அளவு பார்த்தான்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. கால்வாய் அடைச்சிருக்கான்னு பார்த்தேன்."

கால்வாயில் தண்ணீர் சலசல என்று ஓடிக்கொண்டிருந்தது.

குடிதண்ணீர்க் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது. அங்கே மூத்தவரின் மனைவி, அக்கா, எதிர்ப்பட்டாள். புருஷன்மார்கள் பேசாவிட்டால் ஓரகத்திகளும் பேசக்கூடாது என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் குடத்தைப் பார்த்தார்கள்.

"இளைச்சுப் போயிட்டியேடி" என்றாள் அக்கா.

"தூக்கமில்லக்கா."

"அவருந்தான் தூங்கறதில்ல. மீனுக்காக இல்லடி. தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையேன்னு. மறுத்திருந்தா நம்பியிருப்பேன்னு புலம்பறார்."

"அக்கா, ஒண்ணு கேட்கறேன். அந்த மீன் என்னைக்குக் காணாமப் போச்சு?"

"வெள்ளிக்கிழமை. தண்ணி மாத்தற நாள். குழாயைத் தொட்டியில போட்டு விட்டுட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திரும்பிப் போய்ப் பார்க்கறார், இல்ல."

"கூட வேற மீன் ஏதும் இருந்துச்சா?"

"பெண்ணு ஒண்ணு போட்டிருந்தார் ஜோடிக்கு. அது இருந்துச்சோ என்னவோ, அதை யாருடி பார்த்தா? அந்தத் தொட்டிப் பக்கம் என்னையே விடமாட்டார். நீ ஏன் கேட்கறே?"

"சும்மாதான்" என்றாள் சின்னவள். அவள் கேட்டதற்கு ஒரு திட்டம் இருந்தது.

கப்பி மீனில் ஒரு விசேஷம். பெண் ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் போதும், பிறகு ஆணே இல்லாமல் ஏழெட்டு மாசம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். இது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது குட்டிகளும் பிறந்தது சினை மீன்களை மட்டும் விட்டு வைக்கிற தொட்டியில். கத்தரிப்பூ வாலனை அவன் ஒரு மணி நேரம் அதில் விட்டிருந்தால் இரண்டு மூன்று பெண்களிடம் அந்த நிறம் இருக்கும். நாள்கணக்கில் விட்டு வைத்திருந்தால் எல்லாவற்றிடமும் இருக்கும். ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டுக் குட்டி போட வைத்தால், அவன் எத்தனை நாள் மறைத்தான் என்று மீனே சொல்லிவிடும். புருஷன் பொய் சொல்லலாம், மீன் சொல்லாது.

கடைக்குப் போய்ப் பத்து அகலவாய் பாட்டில் வாங்கி வந்தாள். பிடித்து விட்டுக்கொண்டே வந்தால் மீன் பதினொன்று இருந்தது. பெண் மீன் என்றைக்கு நினைத்த எண்ணிக்கையில் இருந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சர்க்கரை பாட்டிலைக் காலி செய்து கழுவி, பதினோராவதை அதில் விட்டாள். சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தாள்.

"எதுக்கு இது?" என்றான் புருஷன்.

"நோய் இருக்கான்னு பார்க்க."

அவன் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "ஜன்னல்லேயா வைக்கணும்? அண்ணன் வீட்டுல இருந்து பார்த்தா தெரியுமே. உள்ள தள்ளி வை" என்று மட்டும் சொன்னான். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று அவள் பல்லைக் கடித்தாள். ஆனாலும் உள்ளே தள்ளி வைத்தாள்.

முதல் மாசம் குட்டிகள் வந்தன. ஒவ்வொரு பாட்டிலிலும் தாயை எடுத்துவிட்டுக் குட்டிகளை வைத்துக்கொண்டாள். தாய்களை வேறு வேறு டப்பாவில் வைத்தாள். தீனி ஊசி முனையளவு, தண்ணீர் தினம் ஒரு டம்ளர் மாற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சமில்லாமல் குட்டிகள் மந்தமாக வளர்ந்தன. சமையல் மேடையில் அடுப்புக்கு மட்டும்தான் இடம் மிச்சம். மூன்று வாரம் கழித்து, புருஷன் மீன் கொடுக்கப் போயிருந்த நேரத்தில், டார்ச் அடித்துப் பார்த்தாள். அந்த வயதில் ஆண் குட்டிக்கு வால் முளைக்கிற இடத்தில் பேனா முனையால் தொட்ட மாதிரி நிறம் விழும்.

ஒன்று, சிவப்பு. இரண்டு, சிவப்பு. மூன்று, நான்கு, எல்லாம் சிவப்பு. பத்து பாட்டிலிலும் சிவப்பு. நெஞ்சில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்ப்பதற்குள் சர்க்கரை பாட்டில் வந்தது. அதில் ஆண் குட்டி அத்தனைக்கும் கத்தரிப்பூப் பொட்டு.

ஒரே ஒரு மீன். சின்னவள் டார்ச்சை அணைத்துவிட்டு யோசித்தாள். ஓர் ஆண் அந்தத் தொட்டிக்குள் வந்திருந்தால் பத்துப் பெண்களை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் துரத்தியிருக்குமா? ஆண் கப்பிக்கு அவ்வளவு ஒழுக்கம் ஏது? ஆண் வரவே இல்லை. வந்தது பெண்.

பதினோராவது தாயை டப்பாவிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வாலின் மேல்முனை கிழிந்து, ஆறி, மடங்கியிருந்தது. சிமெண்டில் உரசினால் விழுகிற காயம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மூத்தவர் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயருகே ஒரு சாம்பல் நிறப் பெண் மீன், வயிறு பருத்து, பாசியில் துடித்துக்கொண்டிருந்தது. அரிசி களைகிற பாத்திரத்தில் அள்ளினாள். குதித்துவிடுமே என்று துண்டால் மூடிக்கொண்டு வந்தாள். சினையாயிற்றே என்று சினைத் தொட்டியில் விட்டாள். எந்த வீட்டு மீன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பெண் மீன்தானே.

சர்க்கரை பாட்டிலை எடுத்துக்கொண்டு, தாயை டப்பாவோடு இடுக்கிக்கொண்டு, மழையில் மூத்தவர் வீட்டுக்குப் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னாள்.

"மீன் போயிடாம வாயில வலை கட்டாம நான் குழாய் போடமாட்டேன்" என்றார் மூத்தவர்.

அக்கா கரண்டியோடு நின்றாள். "கட்டுவீங்க. அன்னைக்கு வலை கொடியில காஞ்சுக்கிட்டிருந்துச்சு. துவைச்சதே நான்தான். ரெண்டும் குழாய் வழியாத்தான் போயிருக்கு. நீங்க ஆணுக்குத்தான் அழுதீங்க. ஜோடியையே காணோம்னு உங்களுக்கும் தோணல, எனக்கும் தோணல."

மூத்தவர் பொட்டு வைத்த குட்டிகளைப் பார்த்தார், கிழிந்த வாலைப் பார்த்தார். தட்டிலேயே கையைக் கழுவினார். "தம்பியைத் திருடன்னுட்டேனே" என்றார். குரல் உடைந்துவிட்டது. பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

"சரிம்மா. நீ எடுத்தது உனக்கே ஞாபகமில்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறம் அவன் ஏன் எடுக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

சின்னவள் வந்த வழியே மழையில் இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது புருஷன் ஈரத் தலையோடு சமையலறையில் நின்றிருந்தான். சர்க்கரை பாட்டில் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போயிட்டு வர்றே?"

"உங்க அண்ணன் வீட்டுக்கு. எல்லாம் சொல்லிட்டேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. "உன்னை யாரு சொல்லச் சொன்னா? நான்தான் பார்த்துக்கறேன்னு இருந்தேனே. என்னை நாலு பேர் திருடன்னா சொல்லிட்டுப் போறாங்க. உன்னைச் சொன்னா எப்படித் தாங்குவே?"

"என்னை எதுக்குச் சொல்லணும்?"

"அன்னைக்கு நான் மொட்டை மாடியில இருந்தேன். அண்ணன் வீட்டுச் சுவர் ஓரமா இருந்து பாத்திரத்தை மூடிக்கிட்டு வந்தே. தொட்டியில என்னமோ விட்டே. என்னதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னே."

"ஒண்ணுமில்லதான். ஒரு பெண் மீன். கால்வாயில கிடந்துச்சு."

அவன் முக்காலியில் உட்கார்ந்தான். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவன் ஈரத்தலையை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சுவர்ல தொங்கினீங்களே, அது?"

"உன் கை அந்த ஜன்னலுக்கு எட்டுமான்னு பார்த்தேன். எட்டாதுன்னா நிம்மதியா இருக்குமேன்னு."

"எட்டிச்சா?"

"எட்டிச்சு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "இத்தனை நாளா என்னைத் திருடின்னு நினைச்சுக்கிட்டா என் கையால தின்னீங்க?"

"திருடியா இருந்தாலும் என் வீட்டுத் திருடிதானே. அண்ணன் சத்தம் போட்டப்போ உன் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோய் நின்னே. எடுக்கலன்னு நான் சொன்னா, அடுத்து உன்கிட்டதானே திரும்புவார்?"

இருவரும்தான் சந்தேகப்பட்டார்கள். அவன் சந்தேகப்பட்டுக்கொண்டே அவளுக்கு முன்னால் போய் நின்றான். அவள் சந்தேகப்பட்டு அவன் சட்டைப்பையைத் துழாவினாள். வெட்கமாக இருந்தது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பாட்டில்களை ஒவ்வொன்றாக நகர்த்தி மேடையைத் துடைத்தாள்.

வாசலில் மூத்தவர் செருமுகிற சத்தம் கேட்டது. அவன் எழுந்து போனான். நிலைப்படி வரை போனவன் நின்று, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"கட்டிலுக்கு அடியில இருக்கிற பையை எப்போ பிரிக்கப் போறே?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "அது உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்தேன். நீ அண்ணனுக்குப் பயந்து ஓடிப்போகப் பார்க்கறேன்னு நினைச்சேன்" என்றான் அவன். "நீ கிளம்பினா நானும் கூட வர்றதாத்தான் என் துணி ரெண்டு அதுல வச்சிருக்கேன். அதையும் எடுத்து வெளிய வை."